வீட்டில் செய்த டிரெய்லருக்கு எந்த பிரைமர், எந்த பெயிண்ட்?

கேள்வி: வீட்டுப் பட்டறையில் நானே வெல்டிங் வைத்து ஒற்றை ஆக்சில் டிரெய்லர் ஒன்று செய்து முடித்திருக்கிறேன். சட்டம் 50 × 50 மி.மீ. பாக்ஸ் பைப். குறுக்குத் தாங்கிகள் 40 × 40 ஆங்கிள். தரைக்கும் பக்கங்களுக்கும் 2 மி.மீ. தகடு. மேலே கைப்பிடிக் கம்பிகளுக்குப் பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசியது) போட்டிருக்கிறேன். தகடுகள் இரண்டு மாதம் வெளியில் கிடந்ததில் லேசாகத் துரு ஏறியிருக்கிறது. மணல், விறகு, சில சமயம் உர மூட்டை ஏற்றுவேன். வண்டி வெயிலிலும் மழையிலும் வெளியேதான் நிற்கும். ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் போதும் என்கிறார் ஒருவர். எபாக்ஸி இல்லாமல் தொடாதே என்கிறார் இன்னொருவர். துருவின் மேலேயே அடிக்கலாம் என்று ஒரு டப்பாவில் எழுதியிருக்கிறது. ஸ்ப்ரே கன் கிடையாது, பிரஷும் ரோலரும்தான். பத்து வருஷம் தாங்க வேண்டும். எதை வாங்கட்டும்?

பதில்: எதை வாங்குவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிங்க் பாஸ்பேட் கலந்த டூ-பேக் (இரண்டு டப்பாவாக வாங்கிக் கலந்து அடிப்பது) எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் அதே கம்பெனியின் டூ-பேக் பாலியூரித்தேன், அதாவது பி.யு. பெயிண்ட், இரண்டு கோட். நான்கையும் பிரஷிலும் ரோலரிலுமே அடித்துவிடலாம். ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினால், பத்து வருஷம் கேட்ட வண்டி மூன்றாம் வருஷமே பல்லிளிக்கும். அதனால் கொஞ்சம் உட்காருங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கென்று ஒரு சின்ன டிரெய்லர் செய்துகொண்டேன். ஆங்கிளெல்லாம் புதுசு. துரு ஒரு பொட்டுகூட இல்லை; நீலக்கறுப்பாக, வழவழவென்று இருந்தது. இதற்குமேல் சுத்தம் என்ன வேண்டும் என்று தின்னரில் துடைத்துவிட்டு நல்ல பிரைமர், நல்ல பெயிண்ட் அடித்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஓரத்தில் இருந்த ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் ஏடாகக் கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் அந்த நீலக்கறுப்புத் தோல் அப்படியே ஒட்டியிருந்தது. பெயிண்ட் தன் பிடியை விடவே இல்லை. அது பிடித்துக்கொண்டிருந்த தோல்தான் இரும்பை விட்டிருந்தது. அடியில் இரும்பு ஈரத்தோடு ஆரஞ்சு நிறமாகக் கிடந்தது.

அந்தத் தோலுக்கு மில் ஸ்கேல் என்று பெயர். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி உருட்டும்போது காற்று பட்டு மேலே படிகிற ஆக்சைடு அது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம். வெயிலில் இரும்பு விரிவதும் குளிரில் சுருங்குவதும், ஓட்டும்போது சட்டம் அதிர்வதும் அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். வெடிப்பில் ஈரம் புகுந்தால் ஸ்கேலும் இரும்பும் சேர்ந்து ஒரு பேட்டரிபோல வேலை செய்யும். ஸ்கேலுக்கு ஒன்றும் ஆகாது. வெடிப்புக்குள் தெரியும் இரும்புதான் கரையும். எத்தனை விலை உயர்ந்த பிரைமரும் இதைத் தடுக்காது. உங்கள் ஆங்கிள்களில் இந்தத் தோல் நிச்சயம் இருக்கும். பாக்ஸ் பைப்பிலும் தகட்டிலும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீலக்கறுப்பு மினுக்கம் தெரிந்தால் இருக்கிறது. வெறும் சாம்பல் நிறமாக இருந்து, தடவினால் விரல் பிசுபிசுத்தால் அது எண்ணெய் தடவி வந்த சரக்கு. அதற்கு வேறு வைத்தியம்.

அந்த வைத்தியம்தான் முதல் வேலை. கிரைண்டரை எடுப்பதற்கு முன்னால் எண்ணெயை எடுக்க வேண்டும். எண்ணெயோடு தேய்த்தால் டிஸ்க் அதைக் கீறல்களுக்குள் அப்பிவிடும்; பிறகு என்ன துடைத்தாலும் முழுதாக வராது. டிகிரீசரிலோ தின்னரிலோ நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் வண்டி முழுக்கத் துடைத்தால் எண்ணெய் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குடிபோகும், அவ்வளவுதான். போய்விட்டதா என்று பார்க்க ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். சவ்வுபோலப் பரவி நின்றால் சுத்தம். வாழை இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பார்த்த உடனே தண்ணீரைத் துடைத்துக் காய வைத்துவிடுங்கள்.

அதற்கப்புறம் தேய்ப்பு. ஸ்கேல் உள்ள இடத்துக்கு 60 அல்லது 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், அதாவது உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய கிரைண்டர் டிஸ்க். கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும், ஏனென்றால் சீக்கிரம் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் ஏமாற்று. கம்பி பிரஷ் தளர்ந்த துருவை உதறும்; மில் ஸ்கேலை எடுக்காது, மெருகேற்றித்தான் விடும். பெயிண்ட் பிடிக்க இரும்பில் கீறல் வேண்டும், மெருகு வேண்டாம். 2 மி.மீ. தகட்டில் ஃப்ளாப் டிஸ்க்கை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூடேறி நெளிந்துபோகும். தகட்டுக்கு 80 நம்பர் உப்புத்தாள் மாட்டிய சாண்டர் போதும். இரண்டு மாதத் துரு மேலோட்டமானது, வந்துவிடும். குழிக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்பதைக் கூரான ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள்.

சட்டம் முழுக்க ஒரு பொட்டு ஸ்கேல் இல்லாமல் கையால் எடுப்பது முதுகை ஒடிக்கும் வேலை என்று எனக்கும் தெரியும். ஐ.எஸ்.ஓ. 8501 தர அளவில் கைக்கருவி, மெஷின் கருவிச் சுத்தத்துக்கு எஸ்.டி. 2, எஸ்.டி. 3 என்று இரண்டு படிகள் உண்டு. எஸ்.டி. 3-லேயே கெட்டியாக ஒட்டிப் பிடித்த ஸ்கேலை விட்டுவைக்கிறார்கள்; தளர்ந்தது எதுவும் இருக்கக் கூடாது, தேய்த்த இடத்தில் இரும்பின் மினுக்கம் தெரிய வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்கும் கட்டடத்துக்கு அது சரி. குலுங்கிக்கொண்டே ஓடும் வண்டிக்கு நான் அதை நம்பமாட்டேன். குறைந்தபட்சம் வெல்டுகளைச் சுற்றி ஒரு சாண், எல்லா விளிம்புகள், சட்டத்தின் அடிப்பக்கம், சக்கரத்தைப் பார்த்து நிற்கும் முகங்கள், இவற்றிலாவது வெறும் இரும்பு தெரிகிற வரை எடுத்துவிடுங்கள். மணல் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை வீசிச் சுத்தம் செய்வது) செய்து தர ஆள் கிடைத்தால் சட்டத்தை மட்டும் அங்கே அனுப்புங்கள். ஒரு நாள் வேலை மிச்சம். ஆக்சில், ஹப், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் அனுப்ப வேண்டும். மெல்லிய தகட்டை அனுப்பினால் அப்பளமாகத் திரும்பி வரும். பிளாஸ்ட் ஆன இரும்பு பச்சைப் புண் மாதிரி. அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். ஒரு ராத்திரி ஈரக்காற்றில் விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

வெல்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரெய்லரைத் துரு தின்னத் தொடங்கும் இடங்கள் எப்போதும் இவைதான். வெட்டின விளிம்பு, விட்டுவிட்டுப் போட்ட வெல்டுக்கு நடுவே உள்ள இடுக்கு, சக்கரம் கல்லெறியும் முகம், தண்ணீர் நிற்கும் பைப்பின் அடிவயிறு. நட்ட நடுத் தகட்டில் ஆரம்பித்த வண்டியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் வெல்டின் மேல் உறைந்த கசடை, அதாவது ஸ்லாக்கை, முழுக்கத் தட்டி, சிதறி ஒட்டிய மணிகளைச் செதுக்கி, வெல்டைச் சுற்றிப் படிந்திருக்கும் புகைக் கரியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஸ்டிக் வெல்டின் அந்தப் படிவு காரத்தன்மை உள்ளது, மேலே வரும் பெயிண்டைக் கொப்புளிக்க வைக்கும். வெல்டில் ஊசித்துளை இருந்தால் மறுபடி ஒரு பொட்டு வெல்ட் வைத்துத் தேயுங்கள். கார் பட்டி வைத்து மறைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

விளிம்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது கூரான முனையிலிருந்து பின்வாங்கி இரு பக்கமும் ஒதுங்கும். தட்டையான இடத்தில் 100 மைக்ரான் (மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு) நிற்கும் பூச்சு, கத்தி போன்ற விளிம்பில் பெயருக்குத்தான் ஒட்டியிருக்கும். அதனால் வெட்டின ஓரம் எல்லாவற்றையும் சுமார் 2 மி.மீ. ஆரத்துக்கு, மெல்லிய தகட்டில் முடிந்த மட்டும், உருட்டிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் நீவினால் எங்கேயும் உறுத்தக் கூடாது. பிறகு, முழுக் கோட் அடிப்பதற்கு முன்னால் சின்ன பிரஷால் விளிம்புகள், வெல்டுகள், போல்ட் துளைகள், மூலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு கோட் குத்திக் குத்திப் பூசிவிடுங்கள். கப்பல், பாலம் வேலைகளில் இதற்கு ஸ்ட்ரைப் கோட் என்று பெயர். வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் விடுகிற ஒரு படி இது. நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஸ்ப்ரே கன் இல்லையே என்ற உங்கள் வருத்தத்துக்கும் பதில் இங்கே இருக்கிறது. முதல் கோட் பிரைமரைக் குழிக்குள்ளும் வெல்டு வரிக்குள்ளும் தள்ளுவதில் பிரஷை மிஞ்ச ஸ்ப்ரேயால் முடியாது. பைப் சட்டத்தில் ஸ்ப்ரே அடித்தால் பாதி பெயிண்ட் காற்றுக்குத்தான் போகும்.

இனி உங்கள் இரண்டு ஆலோசகர்கள். ரெட் ஆக்சைடு சொன்னவர் பொய் சொல்லவில்லை. அது ஒரு பழைய பெயரின் செல்வாக்கு. முன்பு இரும்புக்கு அடித்த சிவப்பு பிரைமரில் ஈயம் இருந்தது. லின்சீட் எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈயம் உண்மையிலேயே துருவை அடக்கியது. ஈயம் விஷம் என்பதால் அது ஒதுக்கப்பட்டது; நிறம் மட்டும் தங்கிவிட்டது. இப்போது ரெட் ஆக்சைடில் இருக்கும் சிவப்பு, இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் சொந்தக்காரன். நிறமியாக நல்லது, மலிவு, வெயிலுக்கு வெளுக்காது. ஆனால் துருவை நிறுத்தும் சக்தி எதுவும் அதற்குக் கிடையாது. டப்பாவில் ஜிங்க் பாஸ்பேட் என்று தனியாகப் போட்டிருந்தால்தான் துருவுக்கு எதிரான மருந்து உள்ளே இருக்கிறது. ரெட் ஆக்சைடோ, பாடி ஷாப்பில் அடிக்கும் சாம்பல் சர்ஃபேஸரோ, பிரைமரை மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்தவே கூடாது. நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் நேராக இரும்புக்கு இறங்கும்.

எபாக்ஸி பேஸும் ஹார்ட்னரும் கலந்து வேதிவினையில் இறுகுவது. ஒட்டும் பிடி, ஈரம் ஊடுருவாத தன்மை, பெட்ரோல் டீசல் தாங்குதல், மூன்றிலும் ஒற்றை டப்பா பிரைமர் அதன் பக்கத்தில் நிற்காது. அதன் ஒரே பலவீனம் வெயில். சில மாதத்தில் மாவுபோல வெளுத்து உதிரும். அதனால் மேலே பி.யு. தொப்பி அவசியம்.

ஜிங்க்-ரிச் பிரைமர் இன்னும் உசத்தி என்று யாராவது சொல்வார்கள். அதில் துத்தநாகத் தூள்கள் ஒன்றோடொன்றும் இரும்போடும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அப்போதுதான் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். ஐ.எஸ்.ஓ. 12944 தர அளவு அந்தப் பெயருக்கு, உலர்ந்த பூச்சின் எடையில் குறைந்தது 80 சதவீதம் துத்தநாகம் கேட்கிறது. அடியில் எஸ்.ஏ. 2½ அளவுக்கு, அதாவது ஸ்கேலும் துருவும் ஏறக்குறைய முழுக்கப் போகும்படி, பிளாஸ்ட் ஆன இரும்பும் வேண்டும். டிஸ்க் தேய்த்த சட்டத்தில் அது காசுக்குக் கேடு.

துருவின் மேல் அடிக்கும் டப்பாவைப் பற்றி. இந்த வகையில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று துரு மாற்றி. டானிக் அமிலமோ பாஸ்பரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து அதைக் கறுப்பான, அசையாத பொருளாக மாற்றும். சுரண்டியும் வராத குழிக்கு மட்டும் அது உதவும். பரப்பெல்லாம் அடித்து அதன் மேல் எபாக்ஸி போட்டால் மிச்ச அமிலம் எபாக்ஸியை இறுகவிடாது. போட்டால் டப்பாவில் சொன்னபடி கழுவிக் காய வைத்தாக வேண்டும். இன்னொன்று காற்றின் ஈரத்தில் இறுகும் யூரித்தேன். கெட்டித் துருவை நன்றாகப் பிடிக்கும் சரக்குதான். வேடிக்கை என்னவென்றால், வழவழப்பான சுத்த இரும்பில் அது அவ்வளவாகப் பிடிக்காது, வெயிலும் ஆகாது. பழைய வண்டியின் அடிப்பாகத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் செய்த வண்டிக்கு, கையில் கிரைண்டர் இருக்கும்போது, தேவையே இல்லை.

ஜி.ஐ. பைப்பில் கவனம். அதன் மேல் நேராக எனாமல் அடித்தால் முதல் மழைக்காலத்துக்கு அழகாக இருக்கும், பிறகு பாம்பு சட்டை மாதிரி உரியும். எனாமலில் உள்ள எண்ணெய் அமிலங்களோடு துத்தநாகம் வினைபுரிந்து சோப்பாகிவிடுவதுதான் காரணம். சொல்லப்போனால் பெயிண்டுக்கும் பைப்புக்கும் நடுவில் சோப்பு ஒரு படலம் நிற்கும். வெள்ளைப் பொடியாகப் பூத்திருப்பதைத் தேய்த்துக் கழுவி, 180 நம்பர் உப்புத்தாளால் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் கீறி, துத்தநாகத்தைத் தாண்டிவிடாமல் நிறுத்தி, அதே எபாக்ஸி பிரைமரை அடியுங்கள். வாங்கும்போது ஜி.ஐ. மேல் அடிக்கலாம் என்று டேட்டா ஷீட்டில் (கம்பெனி தரும் விவரத் தாளில்) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். வெல்டு வைத்து துத்தநாகம் எரிந்த இடம் வெறும் இரும்பு. அதற்கு இரும்புக்கான தேய்ப்பு. இனி அந்தப் பைப்பில் வெல்டு வைக்க நேர்ந்தால் முதலில் துத்தநாகத்தைத் தேய்த்தெடுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்துவிட்டு ராத்திரி காய்ச்சலில் நடுங்கியவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

அளவைக் கணக்குப் போட்டுவிடுவோம், கடையில் கண்மண் தெரியாமல் வாங்க வேண்டாம். 50 × 50 பைப்புக்குச் சுற்றளவு 20 செ.மீ. 30 மீட்டர் பைப் என்றால் 6 சதுர மீட்டர். தரை 2.4 × 1.2 என்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 5.8. பக்கத் தகடுகள் 40 செ.மீ. உயரம் என்றால் உள்ளும் புறமும் இன்னொரு 5.8. ஆங்கிள்கள் 15 மீட்டருக்கு 2.4. ஆக 20 சதுர மீட்டர். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேட்டா ஷீட்டில் வால்யூம் சாலிட்ஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும், அதாவது காய்ந்த பிறகு மிஞ்சுவது. அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் போகும் என்று வந்துவிடும். 50 சதவீதச் சரக்கில் 60 மைக்ரான் பிரைமர் வேண்டுமென்றால், 500-ஐ 60-ஆல் வகுக்க, லிட்டருக்கு 8.3 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 4.8 லிட்டர், ஸ்ட்ரைப் கோட், பிரஷில் தங்குவது எல்லாம் சேர்த்து 6 லிட்டர் வாங்குங்கள். பி.யு. 40 மைக்ரான் வீதம் இரண்டு கோட், 4 லிட்டர். மொத்தம் 200 மைக்ரான் சுமார் நிற்கும்.

நின்றதா என்று எப்படித் தெரியும்? ஈரப்படலத்தை அளக்கப் பல் வைத்த சீப்பு மாதிரி ஒரு தகடு விற்கிறது, அற்ப விலை. 60 மைக்ரான் உலர்ந்து நிற்க 120 மைக்ரான் ஈரமாக அடிக்க வேண்டும். அதே சரக்கில் 10 சதவீதம் தின்னர் ஊற்றிவிட்டால் 130-ஐத் தாண்டி அடித்தாக வேண்டும். ‘ஓடட்டும்’ என்று தின்னரைத் தாராளமாக விடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதைவிடச் சுலபமான தந்திரம் ஒன்று: முதல் பிரைமர் சாம்பல், இரண்டாவது சிவப்பு என்று நிறம் மாற்றி அடியுங்கள். விட்டுப்போன இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

கலக்கும்போது அளவு டப்பாவில் சொன்னபடிதான். 4-க்கு 1 என்றால் 4-க்கு 1-தான். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் எபாக்ஸி சீக்கிரம் இறுகாது. மிஞ்சிய ஹார்ட்னர் உள்ளே தங்கிப் பிசுபிசுப்பும் பலவீனமும்தான் மிச்சம். கலந்த சரக்குக்கு ஆயுள் சில மணி நேரம், சூடான நாளில் இன்னும் குறைவு. அதனால் அரை லிட்டர் அரை லிட்டராகக் கலக்குங்கள். தின்னர் அதே கம்பெனியின் தின்னராக இருக்கட்டும்.

வானிலையில் ஒரே ஒரு விதி மனப்பாடமாக இருக்க வேண்டும். இரும்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. விடிந்த கொஞ்ச நேரத்தில் காற்று சூடேறியிருக்கும், இரும்பு இன்னும் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் படிந்திருக்கும். பதினொரு மணிக்கு ஆரம்பித்து, மாலை ஈரம் இறங்குவதற்கு நேரம் விட்டு நிறுத்துங்கள். குளிரிலும் ஈரத்திலும் இறுகிய எபாக்ஸி மேல் சில சமயம் மெழுகு தடவியது போல ஒரு வழுக்கல் வரும். அடுத்த கோட்டுக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரும் பச்சை நார்த் துண்டும் வைத்துக் கழுவிக் காய வையுங்கள், தின்னரில் துடைத்தால் பரவத்தான் செய்யும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே குறைந்தபட்ச நேரம் மட்டுமல்ல, அதிகபட்ச நேரமும் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் எபாக்ஸி கண்ணாடியாகிவிடும். மேலே வருவது பிடிக்காது. தாண்டினால் உப்புத்தாளால் முழுக்கக் கீறிவிட்டுத் தொடருங்கள்.

முதல் பிரைமர் கோட் காய்ந்ததும், தகடும் ஆங்கிளும் சேரும் இடுக்கு, விட்டுவிட்டுப் போட்ட வெல்டின் இடைவெளி எல்லாவற்றிலும் பி.யு. சீலன்ட் இழுத்து விரலால் அழுத்திவிடுங்கள். சிலிக்கான் வேண்டாம். பட்டறையில் ஒரு துளி சிலிக்கான் இருந்தாலே பெயிண்ட் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும். பாக்ஸ் பைப்பின் முனைகளை இரண்டில் ஒன்று செய்யுங்கள். முழுக்க வெல்டு வைத்து மூடுங்கள். இல்லையென்றால் அடிப்பக்கத்தில் வடிகால் துளை போட்டு, பெயிண்டெல்லாம் முடிந்த பிறகு உள்ளே கேவிட்டி வாக்ஸ், அதாவது துரு தடுக்கும் மெழுகு, அடியுங்கள். பாதி மூடிய பைப்தான் உள்ளிருந்து அழுகும்.

பி.யு. விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால் பிறகு ஒரு மூச்சே ஆஸ்துமாவை வரவழைக்கப் போதும். ஸ்ப்ரே அடிப்பதென்றால் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் வேண்டும். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தீர்ந்துவிட்டது என்பதை மூக்கு காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் வாசனை தெரிவதற்கு முன்பே அளவு மிஞ்சியிருக்கும். நீங்கள் பிரஷும் ரோலரும் என்பதால் ஆபத்து பல மடங்கு குறைவு. ஆனாலும் திறந்த வெளி, ஆர்கானிக் வேப்பர் மாஸ்க், நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. தேய்க்கும்போதும் தூசி மாஸ்க். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பி.யு.வைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவருக்கும், மூடிய ஷெட் தவிர வேறு இடம் இல்லாதவருக்கும் என் பதில் வேறு: ஜிங்க் பாஸ்பேட் கலந்த ஒற்றை டப்பா ஆல்கைட் பிரைமர் இரண்டு கோட், சிந்தெடிக் எனாமல் மூன்று கோட். ஜி.ஐ. பைப்பை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடுங்கள். இது பத்து வருஷம் நிற்காது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேய்த்து ஒரு கோட் ஏற்ற வேண்டிவரும். கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டேன், நிறையப் பேர் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. எனாமல் மேல் பி.யு. அடித்தால் அதன் தின்னர் அடிக்கோட்டைச் சுருட்டி எழுப்பிவிடும்.

பி.யு.வுக்கு ரோலர் வாங்கும்போது தின்னர் தாங்கும் ரகமா என்று பாருங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் ரோலர் நாலு இழுப்பில் கரைந்து வண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஹார்ட்னர் டப்பாவில் ஈரம் படக் கூடாது. பட்டால் வாயு கிளம்பி நுரைக்கும், பெயிண்டில் குமிழியாகத் தெரியும்.

தரையின் உள்பக்கத்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். மண்வெட்டிக்கு நிற்கும் பெயிண்டை நான் பார்த்ததில்லை. பிரைமர் இரண்டு, பி.யு. ஒன்று போதும், பலகை ஒன்று விரித்து, வாரம் ஒருமுறை தூக்கிக் காய வையுங்கள். ரப்பர் பாய் வேண்டாம், அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மிச்சமாகும் காசில் சக்கரத்துக்குப் பின்னாலும் மட்கார்டு உள்முகத்திலும் பி.யு.வுக்குக் கீழே கல்லடி தாங்கும் சொரசொரப்புக் கோட் அடியுங்கள். தார் கலந்த அண்டர்கோட்டுக்கு நான் எதிரி. காய்ந்து வெடித்து, பின்னால் தண்ணீரை ஒளித்து வைக்கும். துரு ஓட்டை விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

பெயிண்ட் படக் கூடாத இடங்களும் உண்டு. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. சக்கரம் ஹப்பில் உட்காரும் முகத்திலும் வீல் நட்டு உட்காரும் இடத்திலும் கெட்டியாக பெயிண்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். பெயிண்ட் இல்லாவிட்டாலும், முதல் ஓட்டத்தில் 50 கிலோமீட்டர் தாண்டியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரேக் டிரம், கப்ளிங்கில் பந்து உரசும் இடம், போல்ட் மரை, வண்டி அடையாளத் தகடு, எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். விளக்குகளின் எர்த் வயர் சட்டத்தில் சேரும் பொட்டு வெறும் இரும்பாக இருக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். துளை போடுவது, கொக்கி வெல்டு வைப்பது எல்லாம் பெயிண்டுக்கு முன்னால்.

கடைசிக் கோட் அடித்து மறுநாள் தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே வினை இன்னும் நடந்துகொண்டிருக்கும். 25 டிகிரியில் ஏழு நாள் பொறுங்கள். அதற்குள் மணலும் வேண்டாம், கயிறு இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். உர மூட்டை இறக்கிய அன்றே தரையைத் தண்ணீர் விட்டு அலசுங்கள், உரம் உப்புதான். மிஞ்சிய எபாக்ஸி பேஸையும் ஹார்ட்னரையும் கலக்காமல் இறுக மூடி வையுங்கள். கல்லடி பட்டு இரும்பு தெரியும் இடத்தைச் சுற்றி 120 நம்பர் தாளால் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, பாட்டில் மூடி அளவுக்குக் கலந்து பூசினால் போதும். பி.யு. ஹார்ட்னர் மட்டும் ஒருமுறை திறந்தால் நாளடைவில் டப்பாவிலேயே கட்டியாகிவிடும், அதனால் டச்-அப்புக்கென்று சின்ன டப்பா ஒன்று திறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.